அவளுடைய இடப்பக்கம்

என் மனைவியிடம் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லுவாள். கேட்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் நான் செய்தவை.

பெயரை எழுதப்போவதில்லை. அவளுடைய பெயரை நான் உரத்துச் சொன்ன வேளைகளில் பெரும்பாலும் அடுத்ததாக என் கை எழுந்தது. அந்தப் பெயரை இனி எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

ஆள் குள்ளம். நடை வேகம். சூரிச்சில் ட்ராமில் ஏறினால், பக்கத்துச் சீற்றில் யாராவது நாயோடு இருந்தால், முதலில் நாயோடு கதைப்பாள், பிறகு நாய்க்காரரோடு. இறங்குவதற்கிடையில் நாயின் வயது, அதன் மூட்டு வருத்தம், நாய்க்காரர் எப்போது விவாகரத்து ஆனவர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவர் திருப்பிக் கேட்டால் இவளும் சொல்லுவாள். நான் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். பிடி இறுகினால் கதையை முடிக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஒருமுறை தெரிந்த குடும்பம் ஒன்று புது வீட்டுக்குக் குடிபோனது. வீட்டுக்கார அம்மா எல்லோரிடமும் வடை எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் அருமை என்றார்கள். இவளுடைய முறை வந்தது.

"உப்புக் கூடிப்போச்சு அக்கா. எண்ணெயும் குடிச்சிருக்கு."

"என்னடியப்பா, முகத்துக்கு நேர இப்பிடிச் சொல்லுறாய்?"

"நீங்கள் கேட்டனீங்கள் தானே?"

அந்த அம்மா ஆறு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. ஆனால் அடுத்த விசேஷத்துக்கு மா குழைக்க முன் இவளைத்தான் கூப்பிட்டார். எனக்கோ அன்று வீட்டுக்கு வந்ததும் அவமானம் தாங்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினேன், கையில் இருந்த சப்பாத்தாலேயே அடித்தேன். தோளில் அதன் அடிப்பாகத்து வரிகள் மூன்று நாள் கிடந்தன.

முதல் அடியைச் சொல்லவேண்டும். இங்கே, சுவிஸில், அகதியாக வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் அப்போது 'கேஸ்' எழுதுவோம். விசாரணை அதிகாரியிடம் சொல்லவேண்டிய கதை அது. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவன், ஊரில் ஐந்து வருடம் படிப்பித்தவன். லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாலும், கேஸ் எழுதுவதில் எனக்குப் பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இளம் பெடியள் கேஸ் எழுதுவிக்கக் கொப்பியோடு வந்து என் அறை வாசலில் நிற்பார்கள். அந்த மரியாதைதான் என்னை உயிரோடு வைத்திருந்தது.

அவள் என்னைக் கட்டுவதற்காக வந்தவள். அவளுக்கும் பதினொரு பக்கத்தில் ஒரு கேஸ் எழுதினேன். இராணுவ முகாம், பதினேழு நாள், தப்பி வந்த வழி. வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனால் நான் அந்த முகாமில இருக்கேல்லையே" என்றாள்.

"இருந்த மாதிரிச் சொல்லும். எல்லாரும் அப்பிடித்தான்."

அவள் பக்கங்களை ஒழுங்காக அடுக்கி வைத்தாள். கல்யாணம் முடிந்து மூன்றாவது கிழமை விசாரணைப் பதிவின் பிரதி தபாலில் வந்தது. அதில் இருந்தது இது: "முகாம் பொய். என்ர மனுசன் எழுதித் தந்தவர். எங்கட வீட்டில செல் விழுந்தது உண்மை. அண்ணை செத்தது உண்மை. இவரைக் கட்டத்தான் வந்தனான், அதுவும் உண்மை."

அவளைத் திருப்பி அனுப்பவில்லை. யுத்தம் நடக்கிற நாடு என்று தற்காலிகமாக இருக்க விட்டார்கள். உண்மையால் அவளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் என் பதினொரு பக்கத்தை ஒரு வரியில் கிழித்துப் போட்டாளே என்பதுதான் எனக்குள் எரிந்தது. பொத்திய கையால் வாயில் குத்தினேன். கீழுதடு பல்லில் பட்டுப் பிளந்தது. அவள் கழுவுதொட்டிக்குப் போய் இரத்தத்தைத் துப்பினாள். திரும்பி வந்து சொன்னாள்:

"கேட்டவை. சொன்னனான்."

அதற்காக இரண்டாவது முறையும் அடித்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கணிதம் படித்தவனின் புத்தி. கேட்டால்தான் சொல்லுவாள் என்றால், ஒருவரும் கேட்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வைத்தியரிடம் மொழிபெயர்க்கிறேன் என்று கூடப்போனேன். மகளுடைய பள்ளிக்கூடத்தில் ஆசிரியை "வீட்டில் எல்லோரும் எப்படி?" என்று வாய் திறக்க முன்னரே பதில் சொன்னேன். எங்கள் சனத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கு ஒரு முறை கண்ணின் கீழே நீலம் கட்டிய முகத்தோடு வந்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். அவளுடைய சேலைக்கரையைப் பற்றிக் கேட்டார்கள். மகளுடைய பரீட்சையைப் பற்றிக் கேட்டார்கள். அர்ச்சனைத் தட்டு எங்கே வாங்கினது என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் சொன்னாள். கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் நினைத்து வெட்கப்படுகிற நிம்மதி அது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதாரண நாட்களில் நான் அவளை "நீர்" என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் படித்த மனிதர்கள் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீ" என்று வந்துவிட்டால் அவள் உடனே இரண்டு வேலை செய்வாள். அடுப்பை அணைப்பாள். மகளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவாள். பிறகு வந்து நிற்பாள். ஓடியதில்லை. ஏன் ஓடவில்லை என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மகள் கொஞ்சம் வளர்ந்ததும் அவள் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கேதான் சுவிஸ் ஜெர்மன் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. புத்தகம் இல்லை, இலக்கணம் இல்லை. கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டும் அவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டும் படித்தாள். நானோ எழுத்து ஜெர்மனை நான்கு இலக்கணப் புத்தகம் வைத்துக் கரைத்துக் குடித்தவன். இங்கே அதற்குப் பயன் இல்லை. நான் சுத்தமாகக் கதைக்கத் தொடங்கினால் சுவிஸ்காரன் களைத்துப்போவான். அவள் இரண்டு பிழையோடு பேச்சுமொழியில் ஒன்றைச் சொன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவான்.

இல்லத்தில் தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி ஒருநாள் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாள். "மனுசன் முறுக்கினவர்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். கிழவி மேலதிகாரியிடம் சொல்ல, மேலதிகாரி இவளைக் கூப்பிட்டு, உதவிக்கு எடுக்கவேண்டிய தொலைபேசி இலக்கம் எழுதிய கடதாசி ஒன்றைக் கொடுத்தார். அன்று ஏன் பிந்தி வந்தீர் என்று நான் கேட்டேன். நடந்ததை அப்படியே சொன்னாள். கடதாசியை மேசையில் வைத்தாள். என்னிடமும் அவள் பொய் சொன்னதில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அன்று அவளுடைய தலைமயிரைப் பிடித்து அந்தக் கடதாசி மேல் முகத்தை இரண்டு தரம் மோதினேன். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டி இலக்கங்கள் அழிந்துபோயின. அவள் அதை மடித்து எங்கேயோ வைத்தாள்.

மகள் படித்து முடித்து முதல் வேலைக்குப் போன வருடம், எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு பரிசு தந்தாள். இரண்டு இரவு, மூன்று பகல், உங்களுக்குப் பிடித்த இடத்துக்குப் போங்கள் என்றாள். வாழ்க்கையில் நாங்கள் விடுமுறை என்று போனதே இல்லை. அவள் கடல் பார்க்கவேண்டும் என்றாள். நான் ஜெர்மனி என்றேன். ஃப்ரைபூர்க். எல்லையில் இருக்கிற பாசலில் ரயில் மாறி ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். உண்மையான காரணம் அதுவல்ல. ஜெர்மனியில் என் ஜெர்மன் எடுபடும். அங்கே நான் கதைக்க, அவள் பக்கத்தில் பேசாமல் நிற்பாள். இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் நான் இழந்த இடம் எனக்கு மூன்று நாளாவது திரும்பக் கிடைக்கும். ஒரு கிழமை முன்னரே வாக்கியங்களை எழுதிப் பாடமாக்கினேன்.

ரயிலில் அவள் சிறுபிள்ளை மாதிரி இருந்தாள். எல்லை தாண்டினதும், "இஞ்சேருங்கோ, ஜெர்மன் மாடும் எங்கட மாடு மாதிரித்தான் நிக்குது" என்றாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தக் காலை நல்ல காலை.

ஹோட்டல் வரவேற்பில் ஒரு இளம்பெண் இருந்தாள். நான் தயார்செய்த வாக்கியத்தைச் சொன்னேன். வினைச்சொல் சரியான இடத்தில், வேற்றுமை சரியாக. அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் மறுபடியும் ஜெர்மனில் சொன்னேன். அவள் மறுபடியும் ஆங்கிலத்தில், இன்னும் மெதுவாக, காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல. அப்போது என் மனைவி பின்னால் இருந்து எட்டி, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று தன் சுவிஸ் பாஷையில் கேட்டாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. சூரிச்சா, எவ்வளவு காலம், என்ன வேலை, முதல் தடவையா என்று ஆரம்பித்தாள். இவளுக்குச் சொல்லவா வேண்டும்! முதியோர் இல்லம், மகள், கல்யாண நாள், கடல் பார்க்க விரும்பியது, மாடு எல்லாம் சொல்லிவிட்டாள். சாவியை அவளிடம் கொடுத்தாள் அந்தப் பெண்.

"நல்ல பிள்ளை" என்றாள் என் மனைவி படியேறும்போது.

"ஓம்" என்றேன்.

மத்தியானம் பெரிய தேவாலயத்துப் பக்கம் நடந்தோம். அந்த ஊரில் தெருவோரங்களில் ஒரு முழ அகலத்துக்குச் சின்ன வாய்க்கால்கள் ஓடுகின்றன. நான் வரைபடத்தை விரித்துக் கோபுரத்தின் உயரத்தையும் அது கட்டப்பட்ட நூற்றாண்டையும் சொல்லிக்கொண்டு நடந்தேன். அவள் அண்ணாந்து பார்த்தபடியே வந்து வலது காலை வாய்க்காலுக்குள் விட்டாள். சப்பாத்து முழுதாக நனைந்தது. அவள் அங்கேயே நின்று சிரித்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த கிழவர் ஒருவர் நின்றார். இந்த வாய்க்காலில் தவறிக் கால் வைத்தவர் இந்த ஊர்க்காரரைக் கட்டவேண்டும் என்று இங்கே ஒரு வழக்கம், தான் தனி ஆள், எப்போது வசதி என்று கேட்டார்.

அவர் பகிடிக்குக் கேட்டார். ஆனால் கேட்டார்.

"ஒரு மனுசன் காணும் ஐயா" என்றாள் அவருடைய மொழிக்குக் கிட்டவாக. "அதுவே எனக்குக் கூடிப்போச்சு."

கிழவர் சைக்கிள் மணியை அடித்து அடித்துச் சிரித்தார். பக்கத்தில் பூ விற்ற பெண் சிரித்தாள். அந்த வழியால் போன இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடி அவளுடைய முழங்கையைப் பிடித்தேன். பிடித்த பிடியில் அவளுடைய சிரிப்பு நின்றது.

அறைக்குள் வந்தபோது மூன்று மணி இருக்கும். ஜன்னலால் நல்ல வெயில். அவள் நனைந்த சொக்ஸைக் கழற்றி வெப்பமூட்டியின் மேல் விரித்தாள்.

"நீ ஆருக்குமுன்னால என்ன சொன்னாய்?" என்றேன்.

"நீ" என்றதும் அவள் சுற்றிப் பார்த்தாள். அணைக்க அடுப்பு இல்லை. உள்ளே விட மகள் இல்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் கூடிப்போச்சு எண்டு சொன்னனான்."

"என்னடி கூடிப்போச்சு?"

"நீங்கள்."

விரித்த கையால் முழுப் பலத்தோடு அறைந்தேன். இடது காதில் விழுந்தது. சத்தம் சாதாரண அடியின் சத்தம் போல இல்லை. காற்றடித்த காகிதப்பையை உடைத்ததுபோல இருந்தது. அவள் கட்டில் விளிம்பில் நெற்றி பட விழுந்தாள். எழும்பாத அவளை இடுப்பில் உதைத்தேன். ஒன்றல்ல. எத்தனை என்று எண்ணவில்லை. மேசை விளக்கு விழுந்து உடைந்தது. அவளுடைய காதிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அவள் அழவில்லை. "காதுக்குள்ள கூவுது" என்று மட்டும் சொன்னாள். நான் தொலைக்காட்சியைப் போட்டு ஒலியைக் கூட்டினேன்.

கதவு தட்டப்பட்டது.

வரவேற்புப் பெண் நின்றாள். பக்கத்து அறைக்காரர் கீழே அழைத்திருக்கவேண்டும். நான் கதவை அரைவாசி திறந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று ஒரு பிழையும் இல்லாத ஜெர்மனில் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்தாள். நான் இருபத்தைந்து வருடம் கேட்கவிடாமல் தடுத்துவந்த கேள்வியை அந்தப் பிள்ளை, ஊர் பேர் தெரியாதவள், காலையில் மாட்டுக் கதை கேட்டவள், சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டாள்:

"அம்மா, நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு முறையாவது பேசாமல் இரு என்று என் கண்ணால் கெஞ்சினேன். பயமுறுத்தினேன் என்றுதான் எழுதவேண்டும். அவள் கட்டிலைப் பிடித்து எழுந்து, நனைந்த வலது சப்பாத்தின் மேல் வெறுங்காலோடு நின்றாள்.

"இல்லை" என்றாள். "இவர் எனக்கு அடிச்சவர். இடது காது கேக்கேல்லை. இது முதல் தரமில்லை."

அன்றைக்கு என் ஜெர்மனை ஒருவர் பொறுமையாக, முழுதாகக் கேட்டு எழுதிக்கொண்டார் என்றால், அது பிறகு வந்த பொலிஸ்காரி மட்டும்தான். அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். என்னை அந்த ஹோட்டல் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி, ரயில் நிலையம் வரை ஒரு பொலிஸ்காரர் வந்து ஏற்றிவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகத் திரும்பினேன். எல்லையில் அதே மாடுகள் நின்றன.

மகளை அன்றைக்கே அழைத்து, அம்மா எங்கே என்று அவள் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆனால் அவள் தாயை அழைத்துக் கேட்டாள். தாய் முதல் அடியிலிருந்து சொன்னாள். மகள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டு வளர்ந்தவள். அவளும் அதுவரை கேள்வியாகக் கேட்டதில்லை.

மூன்றாவது நாள் பின்னேரம், ரிக்கற்றில் போட்டிருந்த அதே ரயிலில் அவள் வந்து சேர்ந்தாள். காதில் பஞ்சு. நெற்றியில் தையல். அவள் அந்த ஊரில் மீதி நாட்களையும் நின்றிருக்கிறாள். என்ன செய்தீர் என்று கேட்டேன்.

"கோபுரத்தில ஏறினனான். மூன்று தரம் இருந்து இருந்துதான் ஏறினது. நல்ல காத்து. பிறகு அந்த நாக்கு நீளமான சைக்கிள் கிழவரைக் கண்டு கோப்பி குடிச்சனான்."

"ஏன் திரும்பி வந்தனீர்?"

"இது என்ர வீடு. போறதெண்டால் நீங்கள் போங்கோ."

நான் போகவில்லை. போக இடமும் இல்லை, வீரமும் இல்லை. அவள் எனக்கு உணவு வைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், படுக்கையை மகளின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். மேலதிகாரி கொடுத்த அந்தக் கடதாசி, இரத்தம் காய்ந்து பழுப்பானது, குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. அழிந்த இலக்கங்களுக்கு மேலே புதிதாக எழுதியிருந்தாள். அதன் பிறகு நான் அவளை அடிக்கவில்லை. மனம் திருந்தி அல்ல. பொலிஸ்காரியின் கொப்பிக்குப் பயந்து. வருத்தம் என்ற ஒன்று வர இன்னும் சில வருடங்கள் எடுத்தது. அது வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன், கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன.

இடது காது திரும்பி வரவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ட்ராமில் அவள் இப்போது எப்போதும் என் வலப்பக்கம்தான் இருந்தாள், இடது காது என் பக்கம் வரும்படி. சாப்பாட்டு மேசையில் இடம் மாறியிருந்தாள். கோயிலில் நடக்கும்போதும் என் வலப்பக்கம்தான். நாய்க்காரர்கள் பக்கம் நல்ல காது. என் பக்கம் செத்த காது. நான் ஏதாவது சொன்னால் அவள் முகம் அசையாது. மிக அவசியம் என்றால்தான் தோளைத் தொட்டுத் திருப்புவேன். தொட்டால் ஒரு கணம் அவளுடைய உடம்பு முழுதும் இறுகும். ஆகவே தொடுவதையும் விட்டேன்.

ஏன் அப்படி இருக்கிறீர் என்று கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பாள்.

கடைசிக் காலத்தில் வைத்தியசாலையில் அவளுடைய கட்டில் வலப்பக்கச் சுவரோடு போட்டிருந்தது. கதிரை இடப்பக்கம். தாதி, அந்தக் காது கேட்காதே, கட்டிலை மாற்றிவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மகள் வந்தால் காலடியில் நின்று, தாயின் முகத்தைப் பார்த்துக் கதைப்பாள். நான் கதிரையில் இருப்பேன்.

ஒரு மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். வெயில் அந்த ஹோட்டல் அறையில் விழுந்ததுபோலவே விழுந்துகொண்டிருந்தது. நான் குனிந்து அவளுடைய இடது காதில் கேட்டேன்: "என்னை மன்னிப்பீரோ?"

அந்தக் காதுக்கு ஒன்றும் விளங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் கேட்டேன். மற்றப் பக்கம் கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள்.

மூச்சுப் பட்டிருக்கவேண்டும். அவள் மெதுவாகத் தலையணையில் முகத்தைத் திருப்பி நல்ல காதை என் பக்கம் கொண்டுவந்தாள். அப்படித் திருப்ப அவளுக்கு நிறைய நேரம் எடுத்தது.

"என்ன கேட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "தண்ணி வேணுமோ எண்டு கேட்டனான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள்.